வலப்பக்கத்தில் ஓர் ஆள் இடம்

தொடங்குவதில் தவமணியை அடித்துக்கொள்ள மதுரையில் ஆள் கிடையாது. ஐம்பத்தோரு வயதுக்குள் பதினேழு முறை நடைப்பயிற்சியைத் தொடங்கியவர் அவர். பாகற்காய்ச் சாறு பதினொரு நாள் ஓடியது. வெந்தயம் ஊறவைத்துக் குடித்தது ஒரு மண்டலத்துக்கு நாலு நாள் குறைவு. யோகா வகுப்புக்காக வாங்கிய விரிப்பில் இப்போது மொட்டைமாடியில் மோர்மிளகாய் காய்கிறது. ஆசை அறுபது நாள் என்பார்கள். தவமணியின் ஆசை எதுவும் அறுபதைக் கண்ணால் பார்த்ததில்லை.

அவர் மனைவி இந்திராணி இதற்கு நேர் எதிர். தபால் அலுவலகக் கவுண்டரில் வேலை. இருபத்திரண்டு வருஷமாகக் காலை ஐந்து பத்துக்கு வீட்டை விட்டு இறங்கி, கண்மாய்க்கரையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஆறு மணிக்குத் திரும்புகிறவள். மழை, காய்ச்சல், மகள் கல்யாணத்தன்று காலை, எதற்கும் விடுப்பு இல்லை. அவள் நடக்க ஆரம்பித்ததற்குக் காரணமே தவமணிதான். அப்போது ஓர் இலவச மருத்துவ முகாமில் இருவரையும் சோதித்துவிட்டு, அவளுக்கு ரத்தக்கொதிப்பு, அவருக்குச் சர்க்கரை, இரண்டும் வாசல்வரை வந்து நிற்கின்றன என்றார்கள். நாளையிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து நடக்கப்போகிறோம் என்று முகாமிலேயே எல்லார் முன்னாலும் அறிவித்தவர் அவர். மறுநாள் காலை அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு கூப்பிட்டபோது, போர்வைக்குள் இருந்து, "நீ நட, பின்னாடியே வந்துர்றேன்" என்றார்.

அந்தப் பின்னாடி வரவே இல்லை. முதல் சில வருஷம் இந்திராணி தினமும் கூப்பிட்டாள். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டாள். தவமணிக்கு அது அரைத் தூக்க நேரம். செருப்புச் சத்தம் கேட்கும், படுக்கையறை நிலைப்பக்கம் ஒரு பல்லி கத்தும், வாசல் கதவு சாத்தும். பல்லி சொல்லிவிட்டது, நல்லது ஏதோ நடக்கப்போகிறது என்று நினைத்தபடி மறுபக்கம் புரண்டு படுப்பார்.

பேருந்து நிலையத்தில் அவர் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனைக்கு வெளியே போக வேண்டும் என்று பார்த்து விசில் ஊதுகிற வேலை. ஊரையே நேரத்துக்குக் கிளப்பிவிடுகிற மனிதருக்குத் தன்னைக் கிளப்பத் தெரியவில்லை என்று டிரைவர்கள் கேலி பேசுவார்கள். வண்டியெல்லாம் மின்சாரத்துக்கு மாறியதில் காற்று சுத்தமானது, அவர் ரத்தம் கெட்டது. சார்ஜ் ஏறுகிற இருபது நிமிஷம் டிரைவர் என்ன செய்வார்? டைம் ஆபீசுக்கு வந்து இரண்டு டீ சொல்வார். டைம் கீப்பரோடு ஒரு டீ குடிக்காமல் வண்டியை எடுத்தால் வழியில் ஏதாவது கோளாறு வரும் என்பது அந்த நிலையத்து ஐதீகம். வேண்டாம் என்றால் எதிரே நிற்கிறவர் முகம் சுருங்கிவிடும். இப்படியே ஒரு நாளைக்கு ஒன்பது டீ, எல்லாம் சர்க்கரையோடு.

கடைசியில் இடது கால் கட்டைவிரலில் ஒரு புண் வந்து ஐந்து வாரமாகியும் ஆறாமல் இருந்தது. அறுவைச் சிகிச்சை மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. இரண்டு மாதத்தில் சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும், விரலோடு நிற்குமா என்று உத்தரவாதம் தர முடியாது என்றார். தவமணி அன்றைக்குப் பதினெட்டாவது முறையாக நடக்க முடிவெடுத்தார். வீட்டுக்கு வரும் வழியிலேயே அந்த முடிவின் மேல் அவருக்கே நம்பிக்கை போய்விட்டது.

அன்று சாயங்காலம் இந்திராணி ஒரு காகிதத்தை அவர் முன்னால் வைத்தாள். "பதியம் வச்சுப் பாப்போமாங்க?"

அந்த வருஷம் ஊரெல்லாம் பதியம் என்றுதான் பேச்சு. மல்லிகைக் கொடியை வளைத்து மண்ணில் புதைத்து, வேர் பிடித்ததும் வெட்டி எடுத்து இன்னொரு தோட்டத்தில் வைக்கிறார்கள் அல்லவா, அதேபோல ஒருவருடைய பழக்கத்தை எடுத்து இன்னொருவருக்குள் வைப்பது. அண்ணா நகர்ப் பக்கம் புதிதாகத் திறந்திருந்த பழக்க மையத்தின் வாசலில் 'ஐம்பதிலும் வளையும்' என்று பெரிதாக எழுதிப் போட்டிருந்தார்கள். உள்ளே டாக்டர் பர்வீன் இருந்தார். நாற்பதைத் தொடாத பெண். பேசும்போது கையில் ஒரு ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விடுகிற பழக்கம் அவருக்கு.

"எல்லாரும் தப்புப் பண்றது ஒரே எடத்துலதான் சார். மனச உறுதியாக்கணும்னு பாக்குறாங்க. பல்லு விளக்க மன உறுதி வேணுமா உங்களுக்கு?"

"வேணாம்."

"அவ்வளவுதான். தானா நடக்குற காரியத்துக்கு மூளைல தனி எடம் இருக்கு. நாங்க உங்க உறுதியத் தொடப்போறதே இல்ல. பல வருஷமா விடாம நடக்குற ஒருத்தர் காதுக்குப் பின்னால ஒரு வில்லைய மூணு மாசம் ஒட்டி வச்சு, அந்த நடைய அப்படியே எடுத்து வச்சிருக்கோம். அத உங்களுக்கு வைக்கிறோம். ஆறு மாசம் பாருங்க. ஆறாவது மாசக் கடைசில நிரந்தரமாக்கணுமா, எடுத்துறணுமான்னு ஏதாவது ஒண்ணு எழுதிக் குடுத்துரணும்."

"யாரோட நடைங்க டாக்டர்?"

"அது சொல்லக் கூடாது. எங்க கணக்குல அதுக்குப் பேரு நடை நாலு."

இந்திராணி சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தவமணியின் காதுக்குப் பின்னால் மிளகளவு வில்லையை வைக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

மூன்றாம் நாள் காலை ஐந்து மணிக்குத் தவமணி தானாக எழுந்தார். எழ வேண்டும் என்று நினைக்கவில்லை. எழ வேண்டாம் என்றும் நினைக்கவில்லை. காலை யாரோ எடுத்துத் தரையில் வைத்தது மாதிரி இருந்தது. முகம் கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு, படுக்கையறை நிலைப்படியில் வந்து நின்றார். ஏன் நிற்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளே திரும்பிக் கட்டிலைப் பார்த்தார். இரண்டு மூச்சு விடுகிற நேரம் அப்படியே நின்றார். நாக்கு மேல்பல்லில் ஒட்டிப் பிரிந்து 'ச்' என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு இறங்கிப் போய்விட்டார். அப்போது விழித்துக்கொண்டு கட்டிலில் படுத்திருந்த இந்திராணி, அவர் நின்றதைப் பார்த்துக்கொண்டும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டும்தான் இருந்தாள். அன்றைக்கு அவள் நடக்கப் போகவில்லை.

அதற்கப்புறமும் போகவில்லை. முழங்கால் வலிக்கிறது என்றாள். இருபத்திரண்டு வருஷம் அவருக்கு முன்னால் எழுந்தவள், அவர் எழுந்த அன்றே படுத்துவிட்டாள். முதலில் தவமணிக்கு இதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது; தெருவில் நாலு பேர் பார்க்க அவர் போவதும் அவள் தூங்குவதும் புது விஷயம். ஒரு மாதம் போனதும் குழப்பமாகிவிட்டது. ஆறு மணிக்கு வியர்வையோடு வீட்டுக்குள் நுழைந்தால், அவள் காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே எதையோ பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். எத்தனை தடவை கேட்டாலும் ஒன்றுமில்லை என்பாள்.

உடம்பு மட்டும் குழம்பவில்லை. இரண்டாம் மாத முடிவில் புண் மூடியது. முந்நூற்று நாற்பதில் இருந்த சர்க்கரை நூற்றைம்பதுக்கு வந்தது. நடந்து முடித்தபின் நாக்கு இனிப்பை அவ்வளவாகக் கேட்கவில்லை. டிரைவர்களிடம் சர்க்கரை இல்லாத டீ சொன்னார். ஒரு டிரைவர் மட்டும், "சக்கரையில்லாத டீ கணக்குல வருமாண்ணே?" என்று சந்தேகம் கேட்டார். வரும் என்று தவமணி தீர்ப்புச் சொன்னார்.

நடைதான் விசித்திரமாக இருந்தது. அவர் கண்மாய்க்கரைப் பாதையில் இடது ஓரமாகவே நடந்தார். வலப்பக்கத்தில் ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டுக்கொண்டே போனார். யாராவது அந்த இடத்துக்குள் வந்தால் கால் தானாக ஒதுங்கியது, இல்லாவிட்டால் வேகம் பிடித்தது. மூன்றாவது விளக்குக் கம்பத்தில் நின்று திரும்பிப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. வந்த வழிதான் கிடந்தது. சுற்று முடிந்ததும் சிமெண்ட் பெஞ்சின் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து மிச்சத்தைக் காலியாக வைத்திருந்தார். இதெல்லாம் நடக்கும்போது மனசுக்குள் ஓர் எதிர்பார்ப்பு வரும், கூடவே ஓர் எரிச்சலும் வரும். யாரை எதிர்பார்த்து, யார்மேல் எரிச்சல் என்று தெரியாமல் அவர் வீடு திரும்புவார். தன் சொந்தக் கோபத்துக்குக்கூட விலாசம் தெரியாத நிலைமை ஒரு மனிதனுக்கு வரக்கூடாது.

ஆறாவது மாதம் இந்திராணியின் ரத்தக்கொதிப்பு நூற்று எழுபதைத் தாண்டியது. மாத்திரையை இரண்டாக்கினார்கள். தவமணி பயந்துபோனார். அவளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஒரு காலை நடக்கக் கூட்டிப் போனார்.

கரைக்கு வந்ததும் அவள் அவருக்கு வலப்பக்கம் வந்தாள். அவர் கால் ஒதுங்கியது. அவள் இன்னும் கொஞ்சம் நெருங்கினாள். அவர் ஒரு தாவு தாவி முன்னால் போய்விட்டார். நின்று, வெட்கப்பட்டு, "வா, வா" என்று கூப்பிட்டார். அவள் வந்ததும் மறுபடி கால் விலகியது. கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கண்மாயில் இறங்கிவிடுவாரோ என்று பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள்.

"நான் வேணும்னு பண்ணல இந்திரா. இந்தப் பக்கம் ஆள் வந்தா காலு நிக்க மாட்டேங்குது."

"தெரியுதுங்க."

"நீ இடதுபக்கம் வாயேன்."

இந்திராணி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது சிரிப்பா அழுகையா என்று அவரால் பிரிக்க முடியவில்லை. "இல்லங்க. நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லித் திரும்பி நடந்தாள். மூன்றாவது கம்பத்தில் நின்று அவர் திரும்பிப் பார்த்தபோது, முதல் முறையாக அங்கே பார்க்க ஒன்று இருந்தது. போய்க்கொண்டிருந்த அவள் முதுகு.

அன்றைக்குத்தான் அவர் மற்றவர்களைக் கவனித்தார். நடக்கிறவன் முன்னால் பார்த்துத்தான் நடப்பான், பக்கத்தில் பார்ப்பதில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பாதையைப் பார்த்தால், இருபது முப்பது பேர் இடது ஓரமாக ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் வலப்பக்கத்தில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. ஒவ்வொருவரும் மூன்றாவது கம்பத்தில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்கள்.

பெஞ்சின் மறு ஓரத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். நடுவில் காலியிடம். கான்வென்ட் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிற ஜெயசீலி டீச்சர். முகப் பழக்கம் உண்டு.

"டீச்சர், நீங்களும் நடை நாலா?"

"ஆமாண்ணே. இங்க பாதிப் பேரு நடை நாலுதான்."

"வீட்ட விட்டு இறங்குறப்ப நிலைப்படில நிப்பீங்களா?"

"நிப்பேன். உள்ள திரும்பிப் பாப்பேன். 'ச்'னு ஒரு சத்தம் வேற." ஜெயசீலி டீச்சர் லேசாகச் சிரித்தார். "எங்க வீட்டுல நான் ஒருத்திதான்ணே. பாக்குறதுக்கு உள்ள யாரும் கெடையாது. மொதல்ல பயமா இருந்துச்சு. அப்புறம் என்னமோ, யாரோ தூங்குறாங்க, பின்னாடியே வந்துருவாங்கங்கிற மாதிரி ஒரு இது. எனக்குப் பிடிச்சிருக்கு. நான் நிரந்தரமாக்கிட்டேன்."

பின்னாடியே என்ற சொல் தவமணியின் காதில் விழுந்தது. எங்கோ உறுத்தியது. எங்கே என்று தெரியவில்லை.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு டாக்டர் பர்வீனைப் பார்க்கப் போனார். எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் ரப்பர் பேண்டை இழுத்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"ஆயிரத்து நூத்திச் சொச்சம் பேருக்கு நடை நாலு வச்சிருக்கோம் சார். எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. பதியத்த மண்ணோட சேர்த்துத்தான் எடுக்க முடியும். உதறி எடுத்தா பிடிக்காது. மண்ணுல என்ன கெடந்துச்சுன்னு நாங்க பாக்குறதில்ல."

"ஒரே ஆளோடத எதுக்கு டாக்டர் இத்தன பேருக்கு வச்சீங்க?"

"வேற ஆளு கெடைக்கல. ஒரு நாள்கூடத் தவறாதவங்கதான் வேணும்னு விதி போட்டோம். இருநூறு பேரப் பாத்தோம். எல்லாரும் நல்லா நடக்குறவங்கதான். ஆனா மழை பேஞ்சா தூங்குவாங்க, விருந்தாளி வந்தா விட்டுருவாங்க, அப்புறம் திரும்ப ஆரம்பிப்பாங்க. அவங்க நடைய எடுத்து வச்சா, விட்டுப்போறதும் கூடவே வந்துருச்சு. தவறாத ஆளுக நாலு பேருதான் தேறினாங்க. அதுலயும் மூணு பேரோடது பிடிக்கல." அவர் ரப்பர் பேண்டை மேசையில் வைத்தார். "இப்பத்தான் சார் எனக்கே உறைக்குது. நிம்மதியா இருக்குற மனுஷன் இருபது வருஷத்துல ஒரு நாளாவது தவறுவான். தவறவே தவறாத ஆளு நடக்குறது நடைக்காக இல்ல. வேற எதுக்கோ. நாங்க ஆரோக்கியத்தப் பதியம் போடுறதா நெனச்சோம்."

"எடுத்துட்டா நான் நடப்பனா?"

"தெரியல. உங்க பழைய கதையப் பாத்தா, மாட்டீங்க. புண்ணு திரும்ப வரலாம். நிரந்தரமாக்கிட்டா கால் பிழைச்சுக்கும். ஆனா வலப்பக்கத்து எடம் கடைசி வரைக்கும் காலியாத்தான் இருக்கும். இன்னும் ஆறு நாள் இருக்கு, யோசிங்க."

காலா, மனைவி வந்து நடக்கிற இடமா என்று யோசித்து ஐந்து நாள் போனது. யாரிடம் கேட்பது? பேருந்து நிலையத்தில் கேட்டால் காலை வைத்துக்கொள் என்பார்கள். கோயிலில் கேட்டால் பூசாரியும் அதையே சொல்வார்.

ஆறாம் நாள் காலை ஐந்து பத்துக்கு அவர் நிலைப்படியில் நின்றார். உள்ளே திரும்பிப் பார்த்தார். 'ச்' என்றது நாக்கு. பல்லி கத்துகிறது என்று ஒரு கணம் நினைத்தார். நினைத்த வேகத்தில் தலையைத் தூக்கி நிலைக்கு மேலே பார்த்தார். அங்கே பல்லி இல்லை. அந்தப் பல்லி கத்தி ஆறு மாதம் ஆகிறது என்பது அப்போதுதான் அவர் மண்டையில் ஏறியது. அவர் நடக்க ஆரம்பித்த அன்றிலிருந்து கத்தவில்லை. அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் ஒரு நாள்கூட விடாமல் கத்தியிருக்கிறது.

கட்டிலில் இந்திராணி கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அவள் படுத்திருந்த இடம் அவர் படுக்கிற இடம். கால் வாசலுக்கு இழுத்தது. தவமணி நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நடை நாலு நீதானா?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "கண்மாய்க்கரைக்கு வந்து தேடுனாங்க. யாரு தவறாம வர்றான்னு. எல்லாரும் என்னையக் காட்டிவிட்டாங்க."

"காதுக்குப் பின்னால பிளாஸ்திரி ஒட்டியிருந்தியே. கொப்புளம்னு சொன்ன."

"நீங்க அதுக்கு மேல கேக்கலையே." அதில் குற்றச்சாட்டு இல்லை, தபால் அலுவலகத்தில் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்கிற குரல். "எம் புருஷனுக்கும் ஒண்ணு வைக்கணும்னு சொல்லித்தான் கையெழுத்துப் போட்டேன். நீங்க நல்லாயிருக்கணும்னுதான் போட்டேன். ஆனா நீங்க இங்கன வந்து நின்னு, என்னையத் திரும்பிப் பாத்து, அந்தச் சத்தத்த விட்டீங்க பாருங்க. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு, நான் அப்படி ஒரு சத்தம் விடுவேன்னு."

"அப்புறம் ஏன் நீ வர்றத விட்ட? டாக்டரு ஒங்கிட்ட இருந்து எதையும் எடுக்கலையே. நகல்தான எடுத்தாங்க?"

"அதான் எனக்கும் புரியல. நீங்க வந்தா சந்தோசமாப் போகணும்ல? காலு எந்திரிக்க மாட்டேங்குது. யோசிச்சுப் பாத்தா, நான் நடந்ததே நீங்க வரலங்கிற கோவத்துலதான் போல. இன்னைக்காவது வருவாருன்னு ஒரு நெனப்பு, வரலைன்னதும் ஒரு கோவம். அந்த ரெண்டும் சேந்து என்னைய ஒரு சுத்துச் சுத்திக் கொண்டாந்து வீட்டுல விட்டுரும். இப்ப ரெண்டும் இல்ல. ரத்தக்கொதிப்புக்கு நடக்கணும்னு எம் மூளைக்குத் தெரியுது, காலுக்குத் தெரிய மாட்டேங்குது." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஊர்ல ஆயிரம் பேரு ஒங்களுக்கு எடம் விட்டு நடக்குறாங்க. எனக்கு வெக்கமா இருக்கு."

தவமணிக்கு அழுகை வந்தது. ஆனால் கால் நிற்கவில்லை. வாசலைப் பார்த்து இழுத்துக்கொண்டே இருந்தது. அவள் அத்தனை வருஷம் காத்திருந்ததைத்தான் இத்தனை நாளும் தான் நடந்திருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. அதுவும் வந்து சேரவேண்டிய ஆளே நடந்தால், அந்த இடத்துக்கு யார் வருவது?

அன்று மத்தியானம் எடுத்துவிடச் சொல்லி எழுதிக்கொடுத்தார். டாக்டர் இரண்டு முறை, "நல்லா யோசிச்சீங்களா?" என்று கேட்டார். கட்டைவிரலைக் காட்டிக்கூடக் கேட்டார். யோசிக்கவில்லை என்றுதான் தவமணி உண்மையைச் சொன்னார்.

வீட்டில் இந்திராணி ஒன்றே ஒன்று சொன்னாள். "நான் எழுப்ப மாட்டேன். இனிமே எனக்குத் தெம்பில்ல."

"எழுப்ப வேணாம்" என்றார் அவர்.

மறுநாள் அவர் எழவில்லை. அதற்கு மறுநாளும் எழவில்லை. விழிப்பு வந்தது, கால்தான் தன் பழைய எஜமானிடம் திரும்பிவிட்டது. அவளும் எழவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, விழித்திருப்பதை மறைத்துக்கொண்டு, ஆறு மணிவரை மூச்சு விட்டார்கள். ஐந்தாம் நாள் பேருந்து நிலையத்தில் ஒரு டிரைவர் பழக்கதோஷத்தில் சர்க்கரை போட்ட டீயை நீட்ட, தவமணி வாங்கிக் குடித்துவிட்டார். எட்டாம் நாள் கட்டைவிரலில் தழும்பு இருந்த இடம் அரித்தது. அவள் மாத்திரை அட்டை அதற்குள் பாதி காலியாகியிருந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள் என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டார்.

பத்தாம் நாள் காலை, அரைத் தூக்கத்தில், செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு நிலைப்பக்கம் பல்லி கத்தியது.

தவமணி மூச்சை அடக்கிக்கொண்டார். வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. இந்திராணி போய்விட்டாள். பத்து நாள் அவர் கிடந்த கிடையைப் பார்த்ததில் அவளுடைய பழைய கோபம் திரும்பி வந்துவிட்டது. முதலில் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது, அவள் பிழைத்துக்கொள்வாள். அடுத்த கணமே குழப்பம் பிடித்தது. அவர் படுத்திருப்பதால்தான் அவள் நடக்கிறாள். அவர் எழுந்து போனால் அவள் மறுபடி உட்கார்ந்துவிடுவாளோ? எழாவிட்டால் அவர் கால் போகும். எழுந்தால் அவள் ரத்தம் ஏறும். இந்த வீட்டில் ஒரு நேரத்துக்கு ஒரு ஆளுக்குத்தான் ஆரோக்கியம் என்று யார் எழுதி வைத்தது? யோசித்தபடி படுத்துக்கொண்டே இருக்க நல்ல நியாயம் அது. இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு நியாயங்களுக்குப் பஞ்சமே வந்ததில்லை.

எப்படி எழுந்தார் என்று பிறகு அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்த முறை காலை யாரும் எடுத்துத் தரையில் வைக்கவில்லை. கனமாக இருந்தது, முழங்கால் கடகடத்தது, ஒரு செருப்பு கிடைக்கவில்லை. குளியலறைச் செருப்பையே மாட்டிக்கொண்டு இறங்கினார்.

அவர் கரைக்கு வந்தபோது இந்திராணி மூன்றாவது கம்பத்தில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தாள். அவர்தான் என்று தெரிந்தும் நிற்காமல் முன்னால் திரும்பி நடந்தாள். இடது ஓரமாக, வலப்பக்கத்தில் இடம் விட்டு. தவமணி மூச்சு வாங்க எட்டிப்போட்டு அந்த இடத்துக்குள் வந்தார்.

அவள் ஒதுங்கினாள். வேண்டுமென்று ஒதுங்கவில்லை, அவள் முகத்திலேயே அது தெரிந்தது. இருபத்திரண்டு வருஷம் காலியிடத்தோடு நடந்த கால், அங்கே ஆள் வந்ததும் மிரண்டது. அவர் இன்னும் நெருங்கினார். அவள் இன்னும் ஒதுங்கினாள். "ஏங்க, என்னால முடியல, தானா போகுது" என்றாள். இப்படியே ஒருவரை ஒருவர் தள்ளாத குறையாகப் பாதையின் ஓரத்துக்கு வந்துவிட்டார்கள். பின்னால் வந்த ஜெயசீலி டீச்சர் நின்று வேடிக்கை பார்த்தார்.

கண்மாயின் கைப்பிடிச் சுவர் இந்திராணியின் இடது கையில் உரசியது. அதற்கு மேல் ஒதுங்க இடமில்லை.

"நாளைக்கு எனக்குக் காலு எந்திரிக்காட்டி?" என்றாள்.

"நீ பின்னாடியே வா" என்றார் தவமணி.

'ச்' என்றாள் இந்திராணி. சுவரை ஒட்டியே இருவரும் நடந்தார்கள்.